எடை போடுமுன் ஒரு சீட்டு

தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டு, கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். கரும்பு லாரிகள் வந்துபோகும் அவ்வூரில், கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கும் ஜீப்புகளைப் பழுது பார்த்து வாழ்ந்த பெரியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தானார். வீட்டின் பின்புறக் கொட்டகையில், வாழ்நாளெல்லாம் அவர் சேர்த்த பழைய வாகன உதிரிப் பாகங்கள் கூரை முட்டக் கிடந்தன. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள்: இவர்களே வாரிசுகள். பங்குக் கணக்குச் சொல்ல என்னை அழைத்திருந்தனர்.

கணக்கு எளிது. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. முழுவதையும் 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. வீட்டுக்கும் மனைக்கும் இவ்வாறு சொல்லி முடித்தேன். அப்போது மகன் கொட்டகையைக் காட்டி, "ஹஜ்ரத், இது வெறும் இரும்பு. நாளை காயலான் கடைக்காரர் வண்டி கொண்டு வருகிறார். கிலோக் கணக்கில் போட்டுவிட்டுப் பணத்தைப் பிரித்துக் கொள்கிறோம்" என்றார். அதுவரை பேசாதிருந்த இளைய மகள் கதவுக்குப் பின்னிருந்து, "அத்தா இதையெல்லாம் கிலோவுக்கா வாங்கினார்கள்?" என்று கேட்டார்.

(பழைய இரும்புக் கடைக்குக் காயலான் கடை என்ற பெயர் காயல்பட்டினத்தாரால் வந்தது என்பர். எந்தப் பொருளுக்கு என்ன மதிப்பு என்று அந்த வணிகர்கள் அறிவார்கள். அறியாதவர்கள் விற்கும் நாம்தாம்.)

மகளின் கேள்வி நியாயமானது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆனால் நானோ கலைப் பட்டதாரி; மரையாணிகளுக்குள் வேறுபாடு உண்டென்பதே அன்றுவரை அறியேன். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் துணைக்கு வந்தார். முதல் நாளே நான் பிழை செய்தேன். கிரீஸ் படிந்த ஒரு பெட்டியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க, அதன் மூடியில் மர்ஹூம் அவர்கள் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்த பெயர் அழிந்து போயிற்று. அக்கொட்டகைக்கு அவருடைய நினைவுதான் பட்டியல். அதில் எஞ்சியிருந்த சொற்ப எழுத்திலும் ஒன்றை நான் துடைத்துவிட்டேன். அதன்பின் எதையும் நகர்த்துமுன் கிடந்தபடியே படம் எடுத்துக் கொண்டோம். ஒரு பெட்டியில் சேர்ந்து கிடந்தவற்றை வேறு வேறாகப் போடவில்லை.

சேர்ந்து கிடப்பதற்குக் காரணம் இருக்கும் என்பதைக் கிரௌன் வீலும் பினியனும் எனக்குக் கற்பித்தன. பின் அச்சில் பொருந்தும் இவ்விரு பற்சக்கரங்களும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இழைக்கப்பட்டு ஜோடியாக வெளிவருபவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஜோடி மாறினால் வண்டி ஓலமிடும். பற்கள் விரைவில் தேயும். சக்கரம் சாக்கில் கிடந்தது. பினியன் பரணில் எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தது. எண்ணைப் பார்த்து இரண்டையும் சேர்த்தோம். வாரிசுகள் ஆளுக்கொன்றாக எடுத்திருந்தால் இருவர் கையிலும் இரும்புதான் மிஞ்சியிருக்கும். மதிப்பைத்தான் பங்கிட வேண்டுமே தவிர ஜோடியை அன்று.

மரைகளிலும் அப்படியே. பழைய என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளில் ஆங்கிலேயர் மரை, பியட்டில் மெட்ரிக் மரை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மாற்றி முடுக்கினால் இரண்டும் கெடும். வார்ப்பில் எழும்பி நிற்கும் எண் வேறு, பாகத்தின் எண் வேறு. கண்டதைக் கண்டபடி எழுதினோம். சீட்டில் பென்சிலால் எழுதுவதே நல்லது. பேனா மை வெளிறிவிடும். எண்ணெய்ப் பிசுக்குள்ளவற்றுக்கு எண் குத்திய தகரச் சீட்டைக் கம்பியால் கட்டினோம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக் கூடும். அந்தத் தூசியை ஊதவோ பெருக்கவோ கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழந்தைகளைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை.

ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரிகள்: என்ன பொருள், எந்த வண்டிக்கு, யாருடையது. மூன்றாம் வரியைக் கண்டு மகன் வியந்தார். "எல்லாம் அத்தாவுடையதுதானே?" அப்படியில்லை. பழுது பார்ப்பவரிடம் பிறர் விட்டுச் சென்ற பொருள் அமானிதம், முன்பணம் கடன். அடக்கச் செலவும் கடனும் தீர்ந்து, மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத்தும் நிறைவேறிய பின்னரே வாரிசுரிமை. அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் பங்குகளைக் கூறும்போதே கடனையும் வஸிய்யத்தையும் முற்படுத்துகின்றன. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் அல்பகரா 282தான் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். மர்ஹூமின் சிறு நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் சிலருடைய முன்பணம் குறித்திருந்தது. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அறிவித்தோம். வந்தவர்களுக்கு உரியதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இத்தனை பாடுபட்டு யாரிடம் விற்பது என்று கேட்பீர்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு 1974இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் 2015இல் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் பியூலியில் 1967 முதல் பழைய உதிரிப் பாகங்களுக்கென்றே சந்தை கூடுகிறது. நம் சென்னைப் புதுப்பேட்டையைச் சொல்ல வேண்டியதில்லை. 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடருக்கும், அதற்கு வெகுமுன்பே நின்றுபோன ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் பாகம் தேடி அலைவோர் இருக்கிறார்கள். பெயரும் எண்ணும் உள்ள பொருளுக்குத்தான் அவர்கள் விலை பேசுவார்கள். சீட்டுக் கட்டியவை அவ்வாறே விலை போயின. உடைந்தவையும் துருவேறியவையும் மட்டுமே காயலான் கடை வண்டியில் ஏறின. 32 பங்குக் கணக்கில் ஒரு ரூபாயும் பிசகவில்லை.

ஒரு மேக்னெட்டோவுக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை. யாரோ கொடுத்து வைத்தது என்பது நோட்டிலிருந்து தெரிகிறது, பெயர்தான் இல்லை. சங்கராபுரம், ரிஷிவந்தியம், திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர் வீடுகளில், தந்தையோ பாட்டனாரோ மூங்கில்துறைப்பட்டில் ஒரு மேக்னெட்டோவைக் கொடுத்து வைத்ததாகப் பேச்சு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இளைய மகள் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். அதன் மேலுள்ள எண்ணை நான் இங்கே எழுதவில்லை. கேட்டு வருபவர்தாம் சொல்ல வேண்டும்.