பாவித்த சாமான் பழுதென்றால் யார் பொறுப்பு?

"ஏத்தேக்க நல்லாத்தானே இருந்தது." முகநூலிலும் இக்மன் தளத்திலும் விளம்பரம் பார்த்து, நேரில் போய்ச் சாமான் எடுத்து வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த வசனத்தில்தான் தொடங்குகின்றன.

அரியாலையில் ஒரு அக்கா சொன்னது இது. இறுதிப் போரில் கணவரை இழந்தவர். ஐஸ் பைக்கற் செய்து விற்பதற்காகச் சீட்டுக் காசில் பாவித்த குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கினார். விற்றவர் வெளிநாடு போகும் அவசரத்தில் இருந்தார். முதல் நாள் மாலை வங்கியில் காசு போட்டாயிற்று. மறுநாள் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்து, இறக்கியதும் பிளக்கைக் குத்தினார்கள். சத்தம் வந்தது, குளிர் வரவில்லை.

"உங்கட ஆக்கள்தான் அக்கா படுத்திக் கொண்டு போனவை" என்றார் விற்றவர். அதில் நியாயம் இல்லாமலில்லை. படுக்க வைத்தால் கம்பிரசரிலுள்ள எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும். நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பின்னரே மின் கொடுக்க வேண்டும். ஆனால் பெட்டி முன்பே பழுதாகவும் இருந்திருக்கலாம். விற்ற வீட்டில் யாரும் அதைப் போட்டுக் காட்டவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் இதற்கு இன்னமும் 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான். வியாபாரியல்லாத ஒருவர் தன் வீட்டுச் சாமானை விற்றால், அதன் தரத்துக்கு அவர் பொதுவாக உத்தரவாதி அல்லர். பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு. ஆனால் விவரணையை நம்பி வாங்கிய பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும். "ஒருமுறையும் திருத்தவில்லை" என்று எழுதியிருந்து அது பொய்யென்றால் கேட்க வழியுண்டு. விற்று முடிந்ததும் விளம்பரத்தை அழித்துவிடுவார்கள், ஆகவே காசு போடுமுன் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு ஊடு செயல்கள் சட்டத்தின்படி, மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியை ஒதுக்க முடியாது.

பலருக்குத் தெரியாத இடம் ஒன்றுண்டு. குறித்த ஒரு பொருளை, அது கையளிக்கத் தயாராயிருக்கும்போது நிபந்தனையின்றிப் பேசி முடித்தால், வேறு விதமாகச் சொல்லிக்கொள்ளாதவிடத்து, அந்த நேரமே உரிமை வாங்கியவருக்கு மாறிவிடும். இழப்பின் பொறுப்பும் கூடவே வரும். "நாளைக்கு வந்து எடுக்கிறன்" என்று விட்டுவந்த சாமான் இரவில் யாருடைய கவனயீனமுமின்றிச் சேதமானால் நட்டம் உங்களுடையதாகலாம். இதைத் தவிர்க்க ஒரு வரி போதும்: "எடுக்கும்போது இயக்கிப் பார்த்த பிறகே முடிவு" என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். முற்பணத்தையும் சிறிதாகவே கொடுங்கள்.

விற்றவர் பாவித்த பொருட்களையே வியாபாரமாகச் செய்பவரென்றால் கதை வேறு. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். தனியாட்களுக்கிடையிலான சிறு தொகைப் பிணக்குகள் இணக்கசபைக்கே முதலில் போகும். அங்கே சட்டத்தரணிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் சபை தீர்ப்பளிக்காது, இருவரையும் இணக்கப் பார்க்கும். எதிராளி விமானம் ஏறிவிட்டால் யாரோடு இணக்குவது?

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், குடாநாட்டில் பற்றரி தொடக்கம் எல்லாமே பழையதாகத்தான் கைமாறின. டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். அப்போதும் பழுதான சாமானை விற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் பின்னேரம் அவர்களுடைய படலையில் போய் நிற்கலாம். இப்போது விற்பவர் ஒரு முகப்படம் மட்டும்தான். அதனால்தான் எடுக்கும் இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, ஏற்றுமுன் நான்கு பக்கமும் காணொளி எடுக்கச் சொல்கிறேன். முகத்தை முறிக்கும் வேலையென்று தயங்க வேண்டாம். அந்தக் காணொளி விற்பவருக்கும் காப்புத்தான்.

அந்த அக்கா சபைக்குப் போகவில்லை. விற்றவரின் தாயாரை அறிந்த அயலவர் ஒருவர் இடையில் நின்று கதைத்தார். திருத்தக் கூலியில் பாதி கிடைத்தது. மற்றப் பாதிக்கு அவர் அடுத்த சீட்டுக் கழிவைப் பார்த்திருக்கிறார்.