நியூயார்க்கின் பழைய நீராவி

நியூயார்க் நகரசபை 2019-ஆம் ஆண்டில் 97-ஆம் நம்பர் உள்ளூர்ச் சட்டத்தை நிறைவேற்றியது முதல், அந்நகரத்துக் கட்டடச் சொந்தக்காரர்களுக்குள் ஒரு விவாதம் ஓயாமல் நடந்து வருகிறது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் பெரும்பாலானவை ஆண்டொன்றுக்கு இன்ன அளவுக்கு மேல் கரியமில வாயுவை வெளிவிடலாகாதென்று சட்டம் வரம்பு கட்டிற்று. 2024-ல் முதல் வரம்பு அமுலுக்கு வந்தது. 2030-ல் அது இன்னும் இறுகும். மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். அக்கட்டடங்களில் மிகப் பலவற்றைக் குளிர்காலத்தில் சூடேற்றுவது பாட்டன் காலத்து நீராவி. அதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, அல்லது பிடுங்கியெறிந்துவிட்டு மின்சார யந்திரங்களை அமைப்பதா என்பதே விவாதம்.

நமது சமவெளிகளில் வீட்டைச் சூடேற்றும் கவலை எவருக்கும் இல்லையாதலால், விஷயத்தைச் சற்று விளக்குவது அவசியம். நிலவறையில் ஒரு பாய்லர் இருக்கும். எண்ணெயோ எரிவாயுவோ எரிந்து அதிலுள்ள நீரைக் கொதிக்கச் செய்யும். ஒரு படி நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 படி இடத்தை அடைத்துக்கொள்ளுமாதலால், பம்பு எதுவுமின்றி, சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்கும் குறைந்த அழுத்தத்தில், அந்த ஆவி தானாகவே ஆறு மாடி ஏறி ஒவ்வோர் அறையிலுமுள்ள வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்குள் புகுகிறது. அங்கே குளிர்ந்து நீராகும்போது பவுண்டு ஒன்றுக்குச் சுமார் 970 பிரிட்டிஷ் வெப்ப அலகு உஷ்ணத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் குழாய் முறையில், வந்த வழியே பாய்லருக்குத் திரும்புகிறது. இந்த ஏற்பாட்டில் ஓடித் தேயும் உறுப்பு அநேகமாய் இல்லை. நூறாண்டு கடந்தும் அது நிற்பதற்கு அதுவே காரணம்.

அதன்மேல் குடியிருப்போர் சாட்டும் குற்றங்கள் பல. நடுநிசியில் சம்மட்டியால் அடிப்பதுபோல் குழாய் முழங்குகிறது. மேல்மாடி வேகும்போது கீழ்மாடி நடுங்குகிறது. ஜனவரி மாதத்துப் பனியில் ஜன்னலைத் திறந்துவைத்து, காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தை வீதிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. இவை யாவும் மெய்யே. ஆயினும் குற்றம் நடந்தது என்று நிரூபித்தால் போதாது; செய்தவன் இன்னான் என்றும் நிரூபிக்க வேண்டும் என்பது நாம் தொழிலில் கற்ற பாடம். முழக்கத்தை விசாரித்தால், சரிவாய் இருக்கவேண்டிய குழாய் கட்டடம் தாழ்ந்ததாலோ, எவனோ முட்டுக்கொடுத்ததாலோ சரிவிழந்து, தேங்கிய நீரின்மேல் ஆவி மோதுகிறது என்று தெரிகிறது. ரேடியேட்டர் வால்வைப் பாதி திறந்து வைத்தாலும் அதே சத்தந்தான். மேலுங்கீழும் உஷ்ணம் பேதப்படுவதற்குக் காரணம், ஆவிக்கு வழிவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டிய சிறு வால்வுகள் அடைபட்டதாகும். அவற்றின் விலை சில டாலர். ஜன்னல் திறக்கும் கதையோ வேடிக்கையானது. 1918-ஆம் ஆண்டு இன்புளூயன்ஸாவுக்குப் பின், சுத்தமான காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தும் அறை குளிராதபடியே பாய்லர்களையும் ரேடியேட்டர்களையும் பெரிதாக அமைத்தார்கள். திறந்த ஜன்னலுக்கென்று செய்த யந்திரத்தை மூடிய ஜன்னலோடு நடத்திவிட்டு, அது அதிகம் காய்கிறதென்று பழிக்கிறார்கள்!

வீதிக்கடியிற் செல்லும் பெருங்குழாய்களின் கதையும் இத்தகையதே. மன்ஹாட்டனில் 1882 முதல் ஒரு மத்திய நிலையத்திலிருந்து கட்டடங்களுக்கு நீராவி விற்கப்பட்டு வருகிறது. இன்று 100 மைலுக்கு மேல் குழாய்கள் உள்ளன. 2007-ஆம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி லெக்ஸிங்டன் அவென்யூவில் அவற்றிலொன்று வெடித்து, நடுவீதியில் ஆவியும் சேறும் மாடி உயரத்துக்குப் பீறிட்டன. ஒருவர் மாண்டார், பலர் காயமுற்றனர். குழாய் 1924-ல் புதைத்தது. ஆகவே கிழடு வெடித்தது என்று பலர் தீர்ப்பளித்தனர். விசாரணையில் வெளிவந்ததோ வேறு. கசிவை அடைக்க முன்பு செலுத்திய பசை, நீரை வெளியேற்றும் பொறிகளுக்குள் போய் அடைத்துக்கொண்டது. மழையில் குழாய் குளிர்ந்து நீர் தேங்கிற்று. ஆவி அதன்மேல் மோதிற்று. வெடிக்கச் செய்தது செப்பனிட்ட விதமேயன்றி வயது அன்று.

செப்பனிடுவதால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு 1931-ல் எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டடமே சாட்சி. 2009-ல் தொடங்கிய திருத்த வேலையில் அங்கே நீராவியைத் தள்ளவில்லை. 6,514 ஜன்னல்களையும் கட்டடத்துக்குள்ளேயே பிரித்துப் புதுப்பித்தார்கள். ரேடியேட்டர்களுக்குப் பின்னே உஷ்ணம் சுவர்வழி வெளியேறாதபடி தடுப்பு வைத்தார்கள். வேறு சில மாறுதல்களும் செய்தார்கள். சக்திச் செலவு 38 சதவீதம் குறையுமென்று கணக்கிட்டே வேலையில் இறங்கினார்கள். மேற்சொன்ன சட்டங்கூட, வழிபாட்டு ஸ்தலங்களுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டிலுள்ள சில வகைக் கட்டடங்களுக்கும் வரம்புக்குப் பதிலாக ஒரு மாற்று வழியைத் திறந்து வைத்திருக்கிறது. குழாய்களுக்கு உறை போடு, பொறிகளைப் பழுதுபார், காற்று வால்வுகளை அமை என்பன போன்ற 13 வேலைகள் அந்த ஜாபிதாவில் உள்ளன. சட்டம் செய்தவர்களே பழையதன் பேரில் நம்பிக்கையிழக்கவில்லை.

எனினும் எதிர்க்கட்சியின் வாதத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு சீராக நடந்தாலும் நீராவிக்கு அடியில் நெருப்பு எரிந்தே தீரவேண்டும். ஹீட் பம்ப் என்னும் மின்சார யந்திரமோ வெளிக்காற்றின் உஷ்ணத்தை உள்ளே இழுப்பதால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு வெப்பம் தருகிறது. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை 2015-ல் தன் நீராவி முறையை ஒழித்து வெந்நீர் முறைக்கு மாறிற்று. நிலம், கட்டடம், பணம் யாவும் ஒரே சொந்தக்காரருடையவையாதலால் அது கைகூடிற்று. நியூயார்க்கின் பொதுக் குடியிருப்பு அதிகாரசபையைப் பாருங்கள். 2017 அக்டோபர் முதல் 2018 ஜனவரி வரையில் அதன் வீடுகளில் 80 சதவீதத்தில், 3,20,000-க்கு மேற்பட்டோர், ஏதேனும் ஒரு சமயம் வெப்பமோ வெந்நீரோ இன்றித் தவித்தனர். குழந்தையை மேலங்கியோடு தூங்கவைக்கும் தாயிடம் வார்ப்பிரும்பின் பெருமையைப் பேசுவது தகாது. பாய்லரே ஓய்ந்த இடத்தில் அதை மாற்றத்தான் வேண்டும். 2022-ல் அந்தச் சபை ஜன்னலில் பொருத்தும் 30,000 ஹீட் பம்ப்களுக்கு ஏற்பாடு செய்ததை நாம் குறைகூறவில்லை.

நாம் அஞ்சுவது வேறொன்றை. நியூயார்க்கின் சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரையில், பகலில் வெளியே 55 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்தால் உள்ளே 68 டிகிரியும், இரவில் 62 டிகிரியும் இருக்கச் செய்வது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. நீராவி இருக்கும்வரை எரிபொருட் செலவு அவருடையது. அறைதோறும் மின்சார யந்திரம் வந்துவிட்டாலோ, அது பெரும்பாலும் குடியிருப்பவர் பேரிலுள்ள மீட்டரோடு சேரும். வரம்பு தப்பி, அபராதமும் தப்பி, எரிபொருட் செலவும் தப்பிய சொந்தக்காரர் சுற்றுச்சூழலுக்குத் தொண்டு செய்தவராகப் புகழ்பெறுவார். மூன்றாம் மாடியிலுள்ள விதவை பில்லுக்குப் பயந்து யந்திரத்தை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் முடங்குவாள். இதை எந்தச் சட்டப் பிரிவும் குற்றமென்று காணாது.

ஆதலால், பாய்லர் நடக்கும் கட்டடங்களில் முதலில் உறையும் வால்வும் சரிவும் சரிசெய்யப்பட்டு, ஒரு குளிர்காலத்துச் செலவு அளந்து பார்க்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பாய்லர் ஆயுள் முடியும்போது மின்சாரத்துக்கு மாறுவது நியாயமே. அப்போதும் மீட்டர் யார் பேரில் இருக்கும், வாடகையில் அதற்காக எவ்வளவு கழியும் என்பதைச் சொந்தக்காரர் ஒப்பந்தத்தில் எழுதித் தரவேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வரும் வரையில், குழாயை அறுக்க வரும் ஆளைக் குடியிருப்போர் வாசலிலேயே நிறுத்தி வைக்கலாம்.