நெகட்டிவ் ஸ்கேனுக்கு எந்தத் திரவம்? முதல்ல ரூம் வெப்பநிலையைப் பாருங்க

லீவுக்கு எருமப்பட்டி வந்தா நான் லேப்டாப்பை மூடிட்டு பழைய நெகட்டிவ் ஸ்கேன் பண்றது உங்களுக்குத் தெரியும். ஊர்ல ஸ்டுடியோ வச்சிருந்த ஒரு அண்ணன் கடையை மூடினப்போ ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய கறுப்பு வெள்ளை நெகட்டிவைக் கொடுத்தார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாம் இருக்கு. பிரின்ட் பல வீட்ல கரையான் தின்னுடுச்சு. அதனால இந்த பிலிம்தான் கடைசிப் பிரதி.

பெரும்பாலான பிலிம்ல கீறல். கலர் நெகட்டிவா இருந்தா ஸ்கேனரே அகச்சிவப்பு ஒளியால தூசியையும் கீறலையும் கண்டுபிடிச்சு நீக்கிடும். கறுப்பு வெள்ளையில படமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பையும் மறைக்கும், அதனால அந்த வசதி வேலைக்கு ஆகாது. அப்பதான் ஈர ஸ்கேன் ஞாபகம் வரும். கீறின கண்ணாடியில தண்ணி பட்டா கீறல் மங்கும் இல்லையா, அதே கணக்கு. காத்தோட ஒளிவிலகல் எண் 1, பிலிமோடது 1.48 பக்கம். கீறல்ல காத்து இருந்தா ஒளி சிதறும். பிலிமுக்கு நெருக்கமான எண் உள்ள திரவத்தை நிரப்பினா கீறல் கண்ணுக்குத் தெரியாது.

இணையத்துல தேடினா லைட்டர் பெட்ரோல், ஹெக்சேன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. சீக்கிரம் காயும், கறை விடாதுங்கறதுதான் எல்லாத்துக்கும் காரணம். ஆனா சீக்கிரம் காயுதுன்னா சீக்கிரம் ஆவியாகுதுன்னு அர்த்தம். அந்த ஆவி எங்க போகுது? நம்ம மூக்குக்குத்தான்.

2009-ல சீனாவின் சூஜோ நகர்ல ஐபோன் தொடுதிரை செஞ்ச ஒரு தொழிற்சாலையில நடந்தது இதுதான். ஆல்கஹாலை விட வேகமா காயுதுன்னு திரை துடைக்க ஹெக்சேனுக்கு மாறினாங்க. 137 தொழிலாளர்களோட உடம்பு பாதிச்சதா ஆப்பிளே பின்னாடி ஒத்துக்கிட்டது. உடம்புக்குள்ள போன ஹெக்சேன் வேற ஒரு பொருளா மாறி, கை கால் நரம்பைத் தாக்கும். அவங்க செஞ்ச வேலையும் நாம செய்யப்போற வேலையும் ரொம்ப தூரம் இல்ல.

சினிமா லேப்ல இதே வேலைக்கு பெர்குளோரோஎத்திலீன் ஓடுது. டிரை கிளீனிங்ல வர்ற அதே திரவம். எண் 1.50, தீயும் பிடிக்காது. ஆனா புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் பட்டியல்ல இருக்கு. 2024 டிசம்பர்ல அமெரிக்கா அதோட பெரும்பாலான பயன்பாட்டுக்குத் தடை விதிச்சது. மூடின இயந்திரத்துக்குள்ள ஓடுறது வேற, நம்ம மேஜை மேல கிண்ணத்துல ஊத்துறது வேற.

இப்ப நம்ம ஊர்க் கணக்கு. ஃபிளாஷ் பாயின்ட்னு ஒண்ணு உண்டு. எந்த வெப்பநிலையில ஒரு திரவம் தீப்பொறி பட்டா பத்திக்கிற அளவுக்கு ஆவி விட ஆரம்பிக்குதோ அது. ஹெக்சேனுக்கு மைனஸ் 22 டிகிரி, ஐசோபுரோப்பைலுக்கு 12 பக்கம். கொஞ்சம் பாதுகாப்பானதுன்னு சொல்ற பெட்ரோலிய சால்வன்ட்கள்ல பலதுக்கு 40 பக்கம். ஜெர்மனியில 20 டிகிரி ரூம்ல உக்காந்து "இது சேஃப்"னு ஒருத்தர் எழுதினா அவருக்கு அது உண்மை. சித்திரை மாசம் நாமக்கல் பக்கம் கான்கிரீட் கூரைக்குக் கீழ இருக்கிற மாடி ரூம் தானே 40-ஐத் தொடும். அந்த இடைவெளி நமக்குக் கிடையாது. இந்த ஆவி காத்தை விடக் கனம், தரையோட தரையா பரவும். நம்ம வீட்ல இன்வெர்ட்டர் எங்க இருக்கு? தரையிலதான்.

அதனால என் தேர்வு மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற லிக்விட் பாரஃபின். எண் 1.47 பக்கம், பிலிமுக்கு ஹெக்சேனை விட நல்ல பொருத்தம். ஃபிளாஷ் பாயின்ட் 150 டிகிரிக்கு மேல, ஆவியும் கிட்டத்தட்ட இல்ல. தொல்லை என்னன்னா அது தானா காயாது. துடைக்கக் கொஞ்சம் சால்வன்ட் வேணும். அதை மொட்டை மாடியில, காலையில, கையுறை போட்டு, பஞ்சுல சில துளி விட்டுச் செய்யலாம். ரூம்ல மணிக்கணக்கா ஆவியை இழுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, அசிட்டேட் பிலிம் கரைஞ்சிடும். 70 சதவீத ஆல்கஹாலும் வேண்டாம், மீதி தண்ணி ஜெலட்டினை ஊற வைக்கும்.

திரவத்தைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு வேலை. நெகட்டிவைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. முகத்து மேல மினுமினுப்பா சின்னச் சின்னக் கோடு தெரிஞ்சா அது அழுக்கு இல்ல, ரீடச்சிங். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரங்க தழும்பையும் கன்னக் குழியையும் பென்சிலால நெகட்டிவ் மேலயே நிரப்புவாங்க. அதுக்குப் பிடிமானமா வார்னிஷ் மாதிரி ஒண்ணு தடவுவாங்க. ஈரத் துணி பட்டா ரெண்டும் போயிடும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினதே இந்த மாதிரிக் கைவேலையும் சேர்ந்த வரலாறுக்காகத்தான்னு நான் நினைக்கிறேன். யாரோ ஒரு பாட்டியை அழகாக்க ஒருத்தர் பென்சில் சீவி உக்காந்திருக்கார், அதை நாம துடைக்கக் கூடாது.

அந்த மாதிரி நெகட்டிவை உலர்வாத்தான் எடுக்கிறேன். லைட் பேட் மேல வச்சு கேமராவுல ஒரு ஷாட். கீறலை அப்புறம் சாஃப்ட்வேர்ல பார்த்துக்கலாம். பெட்டியில இருக்கிறதுல பாதிக்கு மேல அந்த ரகம்தான். படம் இல்லாத பின்பக்கம் ஆழமா கீறல் விழுந்ததுக்கு மட்டும் பாரஃபின். முன்பக்கக் கீறல்ல வெள்ளியே பேர்ந்திருந்தா எந்தத் திரவமும் அதைத் திருப்பித் தராது.