மூலப்படத்தைத் தொடாதீர்கள்: பழைய குடும்பப் படங்களை வீட்டிலேயே நகலெடுத்து மீட்பது எப்படி?



குடும்ப வரலாறு பற்றிக் கட்டுரை எழுத, வீட்டிலிருக்கும் பழைய படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் கைப்பேசியை நீட்டினான். "டீச்சர், தாத்தா படம் ரொம்ப மங்கிப் போயிருந்துச்சு. ஆப்ல போட்டேன், பளிச்சுன்னு வந்துருச்சு!" பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால், அதைப் பார்த்த அவன் பாட்டி, "யாருப்பா இது?" என்று கேட்டாராம்.

செயலி தாத்தாவின் முகத்தைத் தெளிவாக்கவில்லை. தனக்குப் பழக்கமான எத்தனையோ முகங்களைக் கொண்டு, ஊகத்தில் வேறொரு முகத்தை வரைந்துவிட்டது. நல்லவேளை, மூலப்படம் வீட்டில் பத்திரமாக இருந்தது.

எனக்கு அப்படி வாய்க்கவில்லை. பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், பாட்டி வீட்டுச் சுவரில் தாத்தாவின் கல்யாணப் படம் தொங்கியது. நகலெடுக்கலாம் என்று சட்டத்தைக் கழற்றினேன். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மெதுவாத்தான் இழுத்தேன், தாத்தாவின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. எங்களிடம் வேறு படம் கிடையாது.

தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். ஆளுக்கு ஒரு படம் இருந்தாலே பெரிது. 1942–43இல் சயாம் மரண இரயில் பாதை போட கெடா தோட்டங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களுக்குச் சமாதிகூட இல்லை; சில வீடுகளில் ஒரு படம் மட்டுமே மிச்சம். பிறகு லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது எத்தனையோ படங்கள் காணாமல் போயின.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளித் துகள்கள் ஜெலட்டின் என்ற பசைப் படலத்துக்குள் இருக்கின்றன. நம் ஊர் ஈரக்காற்றில் ஜெலட்டின் ஊறி இளகும், கண்ணாடியில் ஒட்டும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே, ஒட்டிய படத்தைப் பிரிக்காதீர்கள். ஈரத்துணியாலும் துடைக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள்.

முதலில் நகல்

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்து, 'டிஃப்' கோப்பாகச் சேமியுங்கள். 'ஜேபெக்' கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

ஸ்கேனர் இல்லையா? வெயில் நேராக விழாத ஜன்னலோரம் போங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, கைப்பேசியைப் படத்துக்கு இணையாகப் பிடியுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் தெரிந்தால், கறுப்பு அட்டையில் துளையிட்டு, அதன் வழியாக எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

பிறகு மீட்பு, நகலில் மட்டும்

'ஜிம்ப்' என்ற இலவச மென்பொருள் போதும். வண்ண ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அலைவரிசைகள் உண்டு. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும். அதனால் நீல அலைவரிசையில் கறை கறுப்பாகத் தெரியும், சிவப்பில் பெரும்பாலும் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படமானால் சிவப்பு அலைவரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. வண்ணமாக ஸ்கேன் செய்யச் சொன்னதும் இதற்குத்தான்.

எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் செந்நிறமாகிப் போனதற்கும் காரணம் உண்டு. அவற்றிலுள்ள மூன்று சாயங்களில், ஆல்பத்துக்குள் இருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும். ஒவ்வொரு அலைவரிசையின் அளவையும் தனித்தனியே சரிசெய்தால் நிறம் ஓரளவு திரும்பும்.

சுவர், சேலை, வானம் ஆகியவற்றிலுள்ள கீறல்களை ஒட்டுக் கருவியால் மறைக்கலாம். கண், மூக்கு, வாய் அழிந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே நாம் வரைவது நம்முடைய கற்பனை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை மின்படமாக்கியிருக்கிறது. அந்த நூலகத் திட்டத்தின் விதிப்படி மூலங்கள் சொந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். நகல்தான் வெளியே போகும். நம் வீட்டுக்கும் இதே விதி பொருந்தும்.

கடைசியாக, பெயர்

"தாத்தா" என்று மட்டும் எழுதாதீர்கள். முப்பது வருஷம் கழித்து, யாருக்குத் தாத்தா என்று தெரியாமல் போகும். பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த வருஷம், பக்கத்தில் நிற்பது யார்? அதைக் கோப்பின் பெயரில் சேருங்கள். மூலத்தின் பின்பக்கம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு படத்தை நகலெடுத்துப் பாருங்கள். பாட்டி இருக்கும்போதே எடுங்கள்.