கேஸ் ஒன்று, அடுப்பு நான்கு: வீட்டில் கேஸ் பூட்டுமுன் போட வேண்டிய கணக்கு

கடைக்கு மாடி கட்டுவதென்றால் நாம் பாஸைக் கூப்பிட்டு அத்திவாரம் தாங்குமா என்று கேட்கிறோம். புதிதாக ஏசி பூட்டுவதென்றால் வயர் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்கிறோம். ஆனால் வீட்டிலுள்ள கேஸ் சிலிண்டரோடு இன்னொரு சாதனத்தைப் பூட்டும்போது மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. ஒரு 'ரீ' துண்டு, இரண்டு முழம் ஹோஸ், இரண்டு கிளிப். வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதத்தாலும் கூட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். குண்டசாலையில் விடியற்காலைக் குளிர் 18 பாகை வரை இறங்கும் நாட்களில் வயோதிபர்களுக்குச் சுடுநீர் இல்லாமல் முடியாது. கரண்டில் ஓடிய கீசரைக் கழற்றிவிட்டு கேஸ் கீசர் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். எங்கள் வீட்டில் மனைவி ஓடருக்குக் கேக் செய்து கொடுப்பவர். ஆகவே இரண்டு அடுப்புள்ள குக்கர், கேஸ் ஒவன், இப்போது கீசர் என்று எல்லாம் ஒரே சிலிண்டரில்.

ஒரு திருமண வீட்டுக்கு அனுப்ப வேண்டிய கேக் சுபஹ் நேரத்தில் ஒவனில் இருந்தது. நான் குளிக்கப் போனேன். கீசர் பற்றியது, ஒவன் நெருப்பு சுருங்கியது, கேக் நடுவில் இறங்கிவிட்டது. சிலிண்டர் முடிந்துவிட்டது என்று கழற்றித் தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் கேஸ் இருக்கிறது. அன்று வாங்கிய பேச்சு வேறு கதை. பிழை விற்றவரிலும் இல்லை, கேஸிலும் இல்லை. கணக்குப் போடாத என்னில்தான்.

இரண்டு கணக்குகள்

வியாபாரிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. களஞ்சியத்தில் எத்தனை மூடை அரிசி இருக்கிறது என்பது ஒரு கணக்கு. ஒரு மணி நேரத்தில் வாசலால் எத்தனை மூடையை வெளியே இறக்கலாம் என்பது இன்னொரு கணக்கு. சிலிண்டரில் 12.5 கிலோ இருப்பது முதலாவது கணக்கு. நெருப்பு சுருங்குவதும் சுருங்காததும் இரண்டாவது கணக்கைப் பொறுத்தது. கேஸ் விடயத்தில் நாம் எல்லோரும் முதலாவதை மட்டுமே பார்க்கிறோம்.

மணிக்கணக்கைப் போடுவது கஷ்டமில்லை. ஒவ்வொரு சாதனத்தின் பின்புறத்திலும் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் கிலோவொட் என்றோ பி.ரி.யு. என்றோ எழுதியிருக்கும். கிலோவொட்டை 13 ஆல் பிரித்தால் மணிக்கு எத்தனை கிலோ கேஸ் என்று வரும். பி.ரி.யு. என்றால் 47,000 ஆல் பிரிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. பெரிய அடுப்பு 3.2 கிலோவொட், சிறிய அடுப்பு 2, ஒவன் 2.6, நிமிடத்துக்கு ஆறு லீற்றர் சுடுநீர் தரும் கீசர் 12. மொத்தம் 19.8 கிலோவொட். 13 ஆல் பிரித்தால் மணிக்கு ஒன்றரைக் கிலோ. கீசர் மட்டும் அதில் 900 கிராமுக்கு மேல் கேட்கிறது. எங்கள் ரெகுலேட்டரில் பொறித்திருந்ததோ மணிக்கு 1 கிலோ. மீதி அரைக் கிலோ எங்கிருந்து வரும்? ஒவனிலிருந்துதான் வந்தது!

எல்லாவற்றையும் கூட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரே நேரத்தில் எரியக்கூடியவற்றைக் கூட்டினால் போதும். ஆனால் உண்மையைச் சொல்லிக் கூட்ட வேண்டும். நோன்பு காலத்தில் ஸஹர் நேரம் நம் வீடுகளில் எது எரியாமல் இருக்கிறது?

மூன்று வாசல்கள்

கேஸ் வெளியே வர மூன்று வாசல் உண்டு. முதலாவது ரெகுலேட்டர். அதன் அளவு அதன் மேலேயே இருக்கும். இரண்டாவது குழாய். இதன் உள்விட்டம் பாதியானால் போகும் கேஸ் பாதியாகாது, ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். நீளம் கூடக் கூட இன்னும் குறையும். மேல் மாடிக் கீசருக்கு மெல்லிய ஹோஸை முப்பது அடி இழுப்பது, சந்தைக்குப் போகும் பாதையைச் சந்தாக்குவதைப் போன்றது.

மூன்றாவது வாசல் சிலிண்டரேதான். இதைப் பலர் அறியமாட்டார்கள். உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் வெளியே வருகிறது. ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைச் சிலிண்டரின் தகடு வெளிக் காற்றிலிருந்து எடுக்கிறது. 10 கிலோ திரவம் உள்ள சிலிண்டரிலிருந்து ஒரு கிலோவை வேகமாக எடுத்தால், வெளியிலிருந்து சூடு வராவிட்டால், உள்ளே பத்துப் பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். சிலிண்டரின் வெளியே வியர்ப்பது இதனால்தான். குளிரக் குளிர அழுத்தம் குறையும். சிலிண்டர் காலியாகக் காலியாக நனைந்திருக்கும் தகடும் குறைவதால் இது மோசமாகும். 12.5 கிலோ சிலிண்டரிலிருந்து தொடர்ச்சியாக எடுப்பதென்றால் மணிக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரைதான் என்று வைத்துக்கொள்வது நல்லது. நுவரெலியாப் பக்கம் இன்னும் குறைத்துக் கணக்கிட வேண்டும்.

கலவையும் இதில் சேரும். புரப்பேன், பியூட்டேன் இரண்டும் கலந்ததே நமது கேஸ். பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, புரப்பேன் கொதிப்பது பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகையில். புரப்பேன் கூடினால் அழுத்தம் கூடும். 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுவதும் வீடுகளில் கேஸ் வெடிப்புகள் நடந்தபோது, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி நியமித்த எட்டுப் பேர் கொண்ட குழு, இந்தக் கலவை மாற்றத்தையே முக்கிய காரணமாகச் சொன்னது. கலவை நம் கையில் இல்லை. ஆனால் கூடிய அழுத்தத்தை முதலில் சந்திப்பது நம் வீட்டுப் பழைய ரெகுலேட்டரும் வெடித்த ஹோஸும்தான். அவை நம் கையில்.

என்ன செய்யலாம்?

நான் செய்தது இதுதான். கீசருக்குத் தனிச் சிலிண்டர், தனி ரெகுலேட்டர். குக்கருக்கும் ஒவனுக்கும் பழையது. இப்போது ஒரு பக்கம் 900 கிராம், அதுவும் இடையிடையே. மறுபக்கம் 600 கிராம். இரண்டும் அளவுக்குள் அடங்கிவிட்டன. பெரிய ரெகுலேட்டரை மட்டும் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்காது. வாசலைப் பெரிதாக்கிவிட்டு, உள்ளே ஆவியாகாத திரவத்தை எங்கே தேடுவது?

ஓடருக்குச் சஹன் சமைக்கும் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். 15 கிலோவொட் பெரிய அடுப்பு மூன்று எரிந்தால் மணிக்கு மூன்றரைக் கிலோ. ஒரு சிறிய சிலிண்டர் இதைத் தராது. நெருப்பு குறைந்ததும் சிலிண்டரைச் சரித்து வைப்பதையும், கொதிநீர் ஊற்றுவதையும் கண்டிருக்கிறேன். சரித்தால் திரவமே குழாய்க்குள் வரும். அடுப்பு கொழுந்துவிட்டெரியும். அப்படிச் செய்யவே கூடாது. 37.5 கிலோ சிலிண்டர் இரண்டோ மூன்றோ ஒரே இணைப்புக் குழாயில் பூட்டி, கட்டிடத்துக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி வைக்க வேண்டும்.

இனி மாதக் கணக்கு. கீசர் நாளுக்கு அரை மணி நேரம் ஓடினாலே மாதத்துக்கு ஏறக்குறைய 14 கிலோ, அதாவது ஒரு சிலிண்டருக்கு மேல். 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அதையும் வாங்கக் கிடைக்காமல் நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். வீட்டிலிருந்து தொழில் செய்பவர் கேக்கின் விலையில் கேஸையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கைவசம் நிறைந்த சிலிண்டர் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

உயிர்க் கணக்கு

கடைசியாகச் சொல்வது முக்கியமானது. 12 கிலோவொட் கீசர் எரிய மணிக்குச் சுமார் 400 கன அடி காற்று வேண்டும். ஐந்தடி அகலம், ஆறடி நீளம், எட்டடி உயரமுள்ள குளியலறையில் இருப்பதே 240 கன அடி. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே கீசரை எரியவிட்டால் காற்றுக் குறைந்து காபன் மொனொக்சைட் உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலை சுற்றும், விழுந்தவர் எழும்ப மாட்டார். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் பூட்டுங்கள். கசியும் கேஸ் காற்றைவிடப் பாரமானது என்பதையும் மறவாதீர்கள். அது தரையோடு படுத்துக் கிடக்கும். சிலிண்டரைக் காணுக்கும் குழிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். புதிய இணைப்பு ஒவ்வொன்றையும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள்.

இன்றே ஒரு துண்டுக் கடுதாசியோடு சமையலறைக்குப் போய்த் தகடுகளை வாசித்துக் கூட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கூட்டிய தொகை ரெகுலேட்டரில் பொறித்ததைவிடக் கூடுதலாக இருந்தால், அடுத்த ஓடரை ஏற்குமுன் அதைச் சரிசெய்யுங்கள்.