துணைச் சீட்டுக்கு என்ன மதிப்பு?

ஜோடி சேர்ந்து ஆடும் சீட்டாட்டத்தில் ஒரு சீட்டுக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. ஒன்று, விதிப்படி அதற்குள்ள புள்ளி. மற்றொன்று, கூட்டாளியின் கையோடு சேரும்போது அதனால் கிடைக்கும் பலன். முதலாவதை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆட்டத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இலங்கைத் தமிழரிடையே பேர்போன முந்நூற்று நாலு. கேரளத்தில் பரவலாக ஆடப்படும் இருபத்தெட்டு இதன் பங்காளி ஆட்டம். இரண்டும் ஐரோப்பாவின் யாஸ் ஆட்டக் குடும்பத்திலிருந்து கிளைத்தவை என்று கருதப்படுகிறது. கட்டில் 32 சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நால்வர் இரண்டு ஜோடியாக ஆடுவார்கள். கூட்டாளிகள் எதிரெதிரே உட்காருவார்கள். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. சீட்டுகளின் பலமும் இதே வரிசைதான். ஓர் இனத்தில் 76 புள்ளி. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. பெயர் வந்த வழி அது.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு போடப்படும். அதை வைத்துக்கொண்டே கேள்வி கேட்க வேண்டும், அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்று சொல்ல வேண்டும்; குறைந்தபட்சக் கேள்வி 160. அதிகம் கேட்டவர் தம் கையிலிருந்து ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைப்பார். அதன் பிறகே மீதி நான்கு சீட்டு வரும். மொத்தப் புள்ளியில் பாதி 152. ஆகவே பாதிக்கும் மேல் எடுப்பதாக, தம் கையின் மறுபாதியையும் கூட்டாளியின் கையையும் பார்க்காமலேயே ஒருவர் வாக்குக் கொடுக்கிறார். நான்கு சீட்டை மட்டும் நம்பி அப்படிக் கேட்பவர் மிகக் குறைவு. கூட்டாளியிடமிருந்து ஏதோ வரும் என்ற எதிர்பார்ப்பு ஒவ்வொரு கேள்விக்குள்ளும் இருக்கிறது. அப்படி வருவதுதான் துணைச் சீட்டு.

துணை இரண்டு விதமாக வரும். கூட்டாளி பிடிக்கும் சுற்றில் புள்ளியுள்ள சீட்டைச் சேர்த்துப் போடுவது ஒரு வகை. கூட்டாளி ஆர்ட்டின் ஜாக்கியை இறக்குகிறார். துணைவரிடம் ஆர்ட்டினில் ஏஸும் ஏழும் இருக்கின்றன. ஏழைப் போட்டால் ஒன்றும் சேராது; ஏஸைப் போட்டால் 11 புள்ளி ஜோடியின் கணக்கில் வரும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஏஸுக்குப் பதில் ஒன்பது இருந்தால்தான் தயக்கம் பிறக்கும். ஜாக்கி போய்விட்டால் அந்த இனத்தில் ஒன்பதுதான் பெரிது. கையில் வைத்திருந்தால் அடுத்த சுற்றைத் தனியாகவே பிடிக்குமே என்று தோன்றும். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் இப்படி நினைத்துத்தான் அதைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

கணக்கு வேறு சொல்கிறது. ஓர் இனத்தில் இருப்பதே எட்டு சீட்டு. முதல் சுற்றில் நால்வரும் அதே இனத்தைப் போட்டால் நான்கு தீர்ந்துவிடும். துணைவரிடம் ஒன்பதும் ஏழும் மட்டும் இருந்து, மற்ற சீட்டுகள் யதேச்சையாகப் பிரிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அடுத்த சுற்றில் எதிரணியில் ஒருவரிடமாவது அந்த இனம் தீர்ந்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஏழு. அவரிடம் துருப்பு இருந்தால் வெட்டுவார். 20 புள்ளி எதிரணிக்குப் போகும். ஆகவே பெரும்பாலான கைகளில் ஒன்பதைக் கூட்டாளியின் ஜாக்கி மேலேயே போடுவது நல்லது. எதிரணியின் துருப்புகள் தீர்ந்த பிறகு நிலைமை தலைகீழ்; அப்போது அதே ஒன்பதை வைத்திருப்பதே லாபம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கூட்டாளி இறக்கியது ஒன்பதாக இருந்து ஜாக்கி இன்னும் வெளிவராவிட்டால், அந்தச் சுற்று யாருடையது என்பது முடிவாகவில்லை. அங்கே ஏஸைச் சேர்ப்பது எதிரிக்குப் பரிசு கொடுப்பதாகவும் முடியலாம். நான்காவதாகப் போடுபவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர் முன்னால் எல்லாம் திறந்தே கிடக்கிறது.

இரண்டாம் வகை, வெட்டு. இங்கே புள்ளியே இல்லாத சீட்டுக்கு மவுசு வருகிறது. எதிரி ஆர்ட்டின் ஜாக்கியை இறக்க, கூட்டாளி ராஜாவைப் போட, அடுத்த எதிரி ஏஸைச் சேர்க்கிறார். கடைசியில் இருப்பவரிடம் ஆர்ட்டின் இல்லை, துருப்பில் ஒரு ஏழு இருக்கிறது. அந்த ஏழு 44 புள்ளியை அள்ளிவரும். 160 கேட்டவருக்கு அது கால் பங்குக்கும் அதிகம். அதே ஏழு, கேட்டவரே துருப்பை இறக்கி எல்லோரிடமிருந்தும் உருவத் தொடங்கினால், அவருடைய ஜாக்கிக்கு அடியில் வீணாக விழும். துணையின் மதிப்பு துணைவரின் கையில் மட்டும் இல்லை. கேட்டவரின் பொறுமையிலும் இருக்கிறது.

இந்தக் கணக்கை முறைப்படுத்திய ஆட்டம் பிரிட்ஜ். 1925இல் ஹரோல்ட் வாண்டர்பில்ட் இதன் இன்றைய வடிவத்தை உருவாக்கினார். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என எண்ணுவது அடிப்படை. சார்லஸ் கோரன் பரப்பிய முறையில், கூட்டாளியின் துருப்புக்கு ஆதரவு இருக்கும் கையில் ஓர் இனம் அறவே இல்லையென்றால் 5 புள்ளி, ஒரே சீட்டு என்றால் 3, இரண்டு என்றால் 1 கூடுதலாகச் சேர்க்கலாம். இல்லாமைக்கும் மதிப்பெண்! ஆனால் வெட்டத் துருப்பு இருந்தால்தான் அது செல்லும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆடவர் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்ற இந்தியாவின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை ஆடியது இந்த ஆட்டத்தைத்தான்.

எதிரணியே இல்லாமல் எல்லோரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டங்களும் வந்துவிட்டன. பிரெஞ்சுக்காரரான அந்துவான் பௌசா உருவாக்கி, 2013இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருது பெற்ற ஹனாபியில் தன் சீட்டைத் தானே பார்க்க முடியாது. மற்றவர்கள் குறிப்புச் சொல்வார்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை அடுக்க வேண்டும். ஒன்றாம் எண் சீட்டுகள் நிறத்துக்கு மூன்று. இரண்டு, மூன்று, நான்கு எண்கள் இரண்டிரண்டு. ஐந்து ஒன்றே ஒன்று. அங்கே மதிப்பைத் தீர்மானிப்பது மிச்சமிருக்கும் பிரதிகள். ஒரு நிறத்தின் மூன்றாம் எண் சீட்டு இரண்டில் ஒன்று கழிந்துவிட்டால் எஞ்சியதும் ஐந்தைப் போலவே அருமையாகிவிடும். அதையும் கழித்துவிட்டால் அந்த நிறம் இரண்டோடு நின்றுவிடும். முழு மதிப்பெண்ணான 25 அதன்பின் யாருக்கும் கிடைக்காது.