மூலம் குறையாத பயன்

வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறின்றி இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையம் வரையறுத்தது. நிறுவன மேலாளர்கள் இன்று இதனையே பேசுகின்றனர். நமக்கோ வக்ஃபு நினைவுக்கு வருகிறது.

கைபரில் கிடைத்த நிலம் பற்றி உமர் (ரலி) வினவியபோது, மூலத்தை நிறுத்தி விளைச்சலைத் தர்மம் செய்ய நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நிர்வகிப்பவர் முறைப்படி உண்ணலாம், செல்வம் சேர்க்கலாகாது என்பது உமர் (ரலி) விதித்த நிபந்தனை. வக்ஃபு செய்தவர் குறிப்பிடாவிடினும் வருமானத்தின் முதற்செலவு பராமரிப்புக்கே, எஞ்சியதே பயனாளிகளுக்கு என்கிறது ஹனஃபி ஃபிக்ஹு. ஏழையினும் கூரை முந்துமா என மாணவர் கேட்பதுண்டு. கூரை சரிந்தால் வாடகை நிற்கும்; அடுத்த ஆண்டு ஏழைக்கு ஏதுமிராது. தேய்மானத்துக்கு ஒதுக்காது இலாபத்தைப் பகிரும் நிறுவனத்தின் பிழையும் இதுவே.

நம் மஹல்லாக்களில் ஆண்டுக்கணக்கு வாசிக்கப்படுகையில், பழுதுபார்ப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு என எவரும் கேட்கக் காணோம்.